நினைப்பில் உட்கார முடியுமா?

முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில், படிக்கட்டு திரும்புகிற இடத்தில், சோபா நின்றுவிட்டது.

மேல்பக்கம் பிடித்திருந்தவர் கடையின் வண்டிக்காரர். கீழ்ப்பக்கம் பிடித்திருந்தவர் சோபாவின் சொந்தக்காரர். தையல்காரர். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'தான்.

"கொஞ்சம் சுவர்ப் பக்கமா சாய்ங்க சார்."

"சோபாவையா, என்னையா?"

"ரெண்டையும்தான்."

சாய்ந்தார். சோபாவின் ஒரு மூலை சுவரில் முட்டியது. இன்னொரு மூலை கைப்பிடிக் கம்பியில் இடித்தது. மூன்று பேர் சாய்ந்து உட்காரும் அளவுக்கு நீளமான, ஒரே மரச்சட்டத்தில் செய்த, சாம்பல் நிறச் சோபா. கடையில் பார்த்தபோது அடக்கமாகத்தான் இருந்தது. படிக்கட்டில் பார்த்தால் யானைக்குட்டி மாதிரி இருந்தது.

வண்டிக்காரர் திரும்பி மேலே பார்த்தார். இரண்டாவது மாடி வாசலில் மாஸ்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏறாது போல சார். திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடட்டுமா?"

"வாயில நல்ல வார்த்தையே வராதாய்யா உனக்கு? ஊருக்கே அளவெடுக்கிறவன் நான். என் வீட்டுக்கு ஒரு சோபா அளவெடுக்கத் தெரியாதா?"

அளவெடுத்தது உண்மைதான். ஹாலின் நீளம், அகலம், சன்னல் உயரம், சோபாவின் நீளம், முதுகு, கை எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்திருந்தார். மனைவி அப்போது, "படியில திரும்புமாங்க?" என்று கேட்டாள். "அளவைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?" என்று சிரித்தார். அவளும் "சரி" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போய்விட்டாள்.

அவள் எல்லாவற்றுக்கும் "சரி" என்றுதான் சொல்வாள். கல்யாணமான புதிதில், "எங்கேயாவது போயிட்டு வரலாமா?" என்று கேட்டாள். மாஸ்டர் மின்விசிறி வாங்கினார். பிறகு கேட்டபோது அலமாரி வந்தது. அதற்குப் பிறகு குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம். ஒவ்வொரு தடவையும் "சரி" என்றாள். கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்தத் தடவை அவள் கேட்டது கடலுக்குப் போக. கடலோர ஊரில் அவளுடைய அக்கா இருந்தாள். மாதக் கடைசியில் மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விடப் போகிறாள். திரும்பி வருவது சந்தேகம். பள்ளிச் சீருடை ஆர்டர் ஒன்று பெரிதாக வந்து, புருஷனும் பெண்டாட்டியுமாக இராப்பகலாகத் தைத்துக் கொடுத்து, கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்திருந்தது. "ஒரு வாரம் அக்காகூட இருந்துட்டு வரலாங்க" என்றாள்.

மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, பொறுமையாகத்தான் விளக்கினார்.

"போவோம். பார்ப்போம். வந்துடுவோம். அப்புறம் கையில என்ன மிஞ்சும்?"

"நினைப்பு மிஞ்சுங்க."

"நினைப்புல உட்கார முடியுமா? சோபா வாங்கினா சாகற வரைக்கும் உட்காரலாம்."

"சரி" என்றாள்.

அவர் கெட்டவர் இல்லை. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறவள் இனி மெத்தென்று உட்கார்ந்து தைக்கட்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"காலைக் கழட்டிட்டா ஏறிடும்" என்றார் மாஸ்டர்.

சோபாவின் கால்களைத் திருகிக் கழற்றினார்கள். மூன்று கால்கள் ஒழுங்காக வந்தன. நான்காவது வண்டிக்காரரின் கையிலிருந்து நழுவி, டொக் டொக்கென்று ஒவ்வொரு படியாக இறங்கி, முதல் மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த கீழ்வீட்டம்மாவின் வாளியைக் கவிழ்த்தது.

"யாரு மேலேர்ந்து கட்டையை வீசுறது?"

"வீசலம்மா, சோபாக் காலு!"

"சோபாவுக்குக் கால் முளைச்சு நடந்தா வருது? மாஸ்டர், துடைச்ச படியெல்லாம் தண்ணி! நான் எப்படிக் கடைக்குப் போறது?"

கால் இல்லாமலும் சோபா ஏறவில்லை. மாஸ்டர் தோளில் கிடந்த டேப்பை எடுத்துத் திருப்பத்தின் அகலத்தை அளந்தார். டேப்பின் நடுவில் ஒரு குண்டூசி குத்தியிருந்தது. காலையில் அதைப் பார்த்து, "யாரு டேப்ல ஊசி குத்துனது? ஓட்டை விழுந்தா டேப் போச்சு" என்று சத்தம் போட்டிருந்தார். "நான்தாங்க, எடுக்க மறந்துட்டேன்" என்றாள் மனைவி. இப்போது சுவரிலிருந்து கம்பி வரைக்கும் டேப்பை இழுத்தால், சரியாக அந்த ஊசியிலேயே வந்து நின்றது. ஊசி விரலில் குத்தியது. "சே!" என்று விரலைச் சப்பிக்கொண்டு, ஊசியைப் பிடுங்கிச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார்.

"என்னங்க, கீழே இறக்கிடலாமே?" மேலேயிருந்து மனைவியின் குரல் வந்தது. ஆள் தெரியவில்லை. சோபாவின் முதுகு மறைத்திருந்தது.

"இவ்வளவு தூரம் ஏத்துனது இறக்கவா? ஜிப் மாட்டிக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? சோப்பு தேய்ப்பேன். ஒரு சோப்பு போடு!"

பிறகு ஒரு சோப்புக்கட்டி சோபாவைத் தாண்டி வந்து அவர் தலையில் விழுந்தது.

"தலையில போடச் சொல்லல!"

"எனக்கு உங்க தலை தெரியலைங்க."

ஈரப் படியிலிருந்து தண்ணீரைத் தொட்டு, சுவரிலும் கம்பியிலும் சோப்பை நன்றாகத் தேய்த்தார். "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணி இருவரும் தள்ளினார்கள். சோபா உண்மையிலேயே வழுக்கியது. ஆனால் மேலே போகவில்லை. குறுக்கே திரும்பி, சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் போட்ட ஆப்பு மாதிரி இறுகி உட்கார்ந்துகொண்டது. இனி மேலேயும் போகாது, கீழேயும் வராது.

இப்போது மேலே மாட்டிக்கொண்டிருந்த வண்டிக்காரர் சோபாவின் மேல் தவழ்ந்து கீழ்ப்பக்கம் வந்தார்.

"ஷூவைக் கழட்டுய்யா!" என்று அலறினார் மாஸ்டர்.

வண்டிக்காரர் செருப்புதான் போட்டிருந்தார். அதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சார், கோபப்படாம கேளுங்க. எனக்கு இன்னொரு வீட்டுல ஒரு கட்டில் இறக்கணும். சாயங்காலம் ரெண்டு ஆளு, கயிறோட வர்றேன். ஒரு கீறல் விழாம இறக்கிக் கொடுத்துடறேன். அது வரைக்கும் தயவுசெஞ்சு எதுவும் பண்ணிடாதீங்க." போகும்போது எம்பி மேல்பக்கம் பார்த்து, "வர்றேம்மா, கவலைப்படாதீங்க" என்றார்.

கவலைப்பட வேண்டியவன் நானல்லவா, இவளிடம் ஏன் சொல்கிறான் என்று மாஸ்டருக்கு எரிச்சலாக இருந்தது.

அப்போது மூன்றாவது மாடியிலிருந்து விசில் சத்தத்தோடு இறங்கி வந்தார் விளையாட்டு வாத்தியார். விசில் எப்போதும் அவர் கழுத்திலேயே இருக்கும். பேசுவதைவிட ஊதுவது அதிகம்.

"என்ன இது, தடை தாண்டும் போட்டியா?"

"வாத்தியாரே, கொஞ்சம் பொறுங்க..."

"மைதானத்துல பசங்க காத்துக்கிட்டிருப்பாங்களே மாஸ்டர்!"

"ஒரு அஞ்சு நிமிஷம். ஏதாவது வழி பண்றேன்."

அஞ்சு நிமிஷம் நீண்டது. கீழ்ப்பக்கம் கீழ்வீட்டம்மாவும் வந்து வேடிக்கை பார்த்தார். மேல்பக்கம் மாஸ்டரின் மனைவி வாத்தியாருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்தப் பக்கத்துக்கும் இரண்டு டம்ளரை சோபாவின் முதுகில் வைத்து நீட்டினாள். எல்லாரும் படிகளில் உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷமாக ஒரே கட்டடத்தில் இருந்தும், அவர்கள் சேர்ந்து தேநீர் குடித்தது அதுதான் முதல் தடவை.

"புதுச் சோபாவா? பாக்கியசாலிம்மா நீ" என்றார் கீழ்வீட்டம்மா, சோபாவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சத்தமாக.

"ஆமாங்க" என்றது அந்தப் பக்கம்.

"ஊருக்குப் போறதா சொன்னியே, கடலோரமா. உங்க அக்கா வீட்டுக்கு?"

"இல்லைங்க, போகல."

"அட, கடல்ல குளிக்காம விட்டுட்டீங்களே!" என்றார் வாத்தியார்.

அந்தப் பக்கம் மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்டது. "எனக்கும் அக்காவுக்கும் தண்ணின்னா பயம். குளத்துலகூட இறங்காம வாளியில மொண்டுதான் குளிப்போம். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை கடல்ல கால் நனைக்கணும்னு சின்ன வயசுல பேசி வச்சிருந்தோம். அவ எட்டு வருஷமா கடற்கரையிலதான் குடியிருக்கா. தினமும் வாக்கிங் போறா. இன்னும் கால் நனைக்கல."

"ஏன்?"

"நான் வரணும்னுதான்."

வாத்தியார் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. கீழ்வீட்டம்மா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தேநீர் டம்ளருக்குள் பார்த்தார். எட்டு வருஷம் ஒருத்தி கடலுக்குப் பக்கத்தில் காய்ந்த காலோடு நடக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை. "போயிட்டு வரலாமா?" என்று அவள் ஆரம்பித்தபோதெல்லாம் அவர் முடித்து வைத்துவிட்டார்.

ஒரு நிமிடம், சோபாவை இறக்கிவிடலாமா என்று கூட அவருக்குத் தோன்றியது. கடவுள் எல்லாருடைய காதிலும் இப்படி மெதுவாக ஒரு தடவையாவது சொல்லிப் பார்க்கிறார். ஆனால் அதற்குள் வாத்தியார் பொறுமை இழந்து, ஷூவோடு சோபாவில் ஏறி, அதன் கையில் மிதித்து, இந்தப் பக்கம் குதித்து, விசில் ஊதிக்கொண்டே ஓடிவிட்டார்.

சாம்பல் நிறத் துணியில் ஒரு முழுப் பாதம் பதிந்திருந்தது.

மாஸ்டருக்கு வேறு எல்லாம் மறந்துபோயிற்று. "ஐயோ! இப்படியே சாயங்காலம் வரைக்கும் விட்டா ஆளாளுக்கு மிதிச்சு நாசமாக்கிடுவாங்க" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அப்படி வைத்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"அட, நான் ஒரு மடையன்! என் தொழிலே என்ன? வெட்டித் தைக்கறதுதானே!"

தெருமுனையிலிருந்து தச்சரைக் கூட்டிவந்தார். சோபாவின் நடுவில், மெத்தைகள் சேருகிற தையலை ஒட்டி, தையல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார். கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. "துணியை நான் தையலோட பிரிச்சுடறேன். நீ சட்டத்தை அறு. மேலே கொண்டுபோய் நீ மரத்தைச் சேரு, நான் துணியைச் சேர்க்கறேன். வெட்டின இடம் கடவுளுக்குக்கூடத் தெரியாது."

"அறுத்துட்டா அப்புறம் என்னை யாரும் குறை சொல்லக் கூடாது" என்றார் தச்சர்.

"என்னங்க! வெட்டாதீங்க!" மேலேயிருந்து மனைவி கிட்டத்தட்ட அலறினாள். "அந்த வண்டிக்காரர் கயிறோட வரட்டும். சொன்னாக் கேளுங்க!"

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. கீழ்வீட்டம்மாவிடம் திரும்பி, "பார்த்தீங்களா? வாங்கும்போது மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா. இப்ப சோபா மேல எவ்வளவு பாசம்!" என்றார்.

"நான் சோபாவுக்காகச் சொல்லலைங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும். கவலையே படாதே, புதுசு மாதிரி பண்ணிடறேன்."

"கொஞ்சம் கிட்ட வாங்களேன். ஒரு விஷயம் சொல்லணும்."

"எப்படி வர்றது, பறந்தா? அங்கிருந்தே சொல்லு!"

வாத்தியார் தாண்டிய சோபாவை அவரும் தாண்டியிருக்கலாம். இன்னொரு பாதம் பதிந்துவிடும் என்று அவர் தாண்டவில்லை.

சோபாவின் முதுகுக்கு மேலே அவள் முகம் பாதி தெரிந்தது. எக்கி நின்றிருந்தாள் போல. கீழ்வீட்டம்மாவைப் பார்த்தாள். ரம்பத்தோடு நிற்கிற தச்சரைப் பார்த்தாள். சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி பூரிப்போடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள்.

"சொல்லு, சொல்லு."

"ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

"வெட்டவா, வேண்டாமா? எனக்கு வேற வேலை இருக்கு" என்றார் தச்சர்.

"வெட்டு!"

மேல்பக்கம் கதவு மெதுவாகச் சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ரம்பத்தின் சத்தம்தான்.

இரண்டு துண்டாகச் சோபா சுலபமாக ஏறியது. கீழ்வீட்டம்மாகூட ஒரு கை பிடித்தார். தச்சர் சட்டத்தைச் சேர்த்து ஆணி அடித்துவிட்டுப் போனார். மாஸ்டர் வளைந்த ஊசியும் மெழுகு தேய்த்த நூலுமாகத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்நாளில் தைத்த தையல்களிலேயே சிறந்த தையல் அதுவாகத்தான் இருக்கும். கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. வாத்தியாரின் பாதத்தையும் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். மரவேலைதான் கொஞ்சம் காலை வாரிவிட்டது. நடுவில் உட்கார்ந்தால் சோபா உள்வாங்கி, இரண்டு கைகளும் நம்மைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி சாய்ந்தன. ஓரத்தில் உட்கார்ந்தால் பரவாயில்லை.

"வா, வந்து உட்காரு! முதல்ல நீதான் உட்காரணும்."

அவள் வந்து ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். நடுவில் இன்னொரு ஆளுக்கு இடம் காலியாக இருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"தரையில உட்கார்ந்து உட்கார்ந்து உன் முதுகு போயிடுச்சு. அதுக்காகவும்தான் வாங்கினேன்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே நீங்க" என்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார். அதற்குள் சமையலறையில் அவளுடைய போன் அடித்தது. எழுந்து போனாள்.

சமையலறைக் கதவு முழுக்கச் சாத்தவில்லை. மாஸ்டர் புதுச் சோபாவில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா... வர முடியாது. ஆமா, நேத்து வரலாம்னுதான் சொன்னேன். இப்ப முடியாமப் போச்சு... இல்ல இல்ல, அவர்மேல தப்பு இல்ல. நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணாரு... ஆமா, சோபா வந்துடுச்சு. ரொம்ப நல்லா இருக்கு. சாம்பல் கலர்."

பிறகு குரல் தாழ்ந்தது.

"அக்கா, போறதுக்கு முன்னாடி நீ மட்டும் இறங்கிடு. எனக்காக வச்சிருக்காதே. பயப்படாம ஓரத்துல நில்லு. அலை வந்தா கண்ணை மூடிக்கோ. நான் கையைப் பிடிச்சிருக்கேன்னு நினைச்சுக்கோ."

மாஸ்டரால் சாய்ந்து உட்கார முடியவில்லை. நிமிர்ந்தார். நிமிர்ந்தும் சரிப்படவில்லை. சோபாவை விட்டு இறங்கி, வழக்கமாக உட்கார்ந்து தைக்கும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏன் கீழே உட்கார்ந்துட்டீங்க?"

"இந்தா பாரு... அடுத்த வருஷம் கண்டிப்பா கடலுக்குப் போறோம்."

"அடுத்த வருஷம் அங்க யாருங்க இருக்கா?" அவள் கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அதனால்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நீ நேத்து உங்க அக்காகிட்ட வரலாம்னு சொன்னியா? எந்த நம்பிக்கையில சொன்னே?"

அவள் பதில் சொல்வதற்குள் தெருவில் ஹாரன் அடித்தது. படிக்கட்டில் தடதடவென்று சத்தம். வண்டிக்காரர், இரண்டு ஆட்கள், தோளில் பெரிய கயிறு, சோபாவுக்குச் சுற்றுவதற்கு ஒரு பழைய கம்பளம். மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றவர், ஹாலில் இருந்த சோபாவைப் பார்த்தார். கிட்டே போய் நடுவில் கையை வைத்து அழுத்தினார். இரண்டு கைகளும் அவரைக் கும்பிட்டன.

கயிறு அவர் தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் மாஸ்டரின் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வண்டிக்காரருக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"வெட்டிட்டீங்களே சார்! படியில ஏறலைன்னா, கீறல் இல்லாம வந்தா முழுப் பணமும் திருப்பித் தர்றேன்னு முதலாளி ஒத்துக்கிட்டிருந்தாரே... நேத்து உங்க டேப்ல ஊசி குத்திக் கடைக்கு எடுத்துக்கிட்டு வந்து, 'இது திரும்பாது, ஆனா நான் சொன்னா அவர் மனசு கஷ்டப்படும், படிக்கட்டே சொல்லட்டும்'னு அம்மாதானே சார் பேசி வச்சிட்டுப் போனாங்க!"